இடப்பக்கத்துப் பட்டைகள்

பட்டியலில் ஐந்து இடத்தில் கழித்தல் குறி இருந்தது. ஐந்தும் என் கணவர் எழுதிய கேள்விகள்.

எங்கள் அலுவலகத்தில் தேர்வுத்தாள் தயாராகிறது. லட்சக்கணக்கானவர்கள் ஒரே நாளில் எழுதும் தேர்வு. அதன் அறிவியல் பகுதிக்கு எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு பரிசோதனையை விவரித்து, வரைபடமோ அட்டவணையோ கொடுத்து, இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்போம். அந்தப் பகுதிக்கு இருபத்திரண்டு வருடம் கேள்வி எழுதியவர் அவர். இறந்து ஏழு மாதம் ஆகிறது.

நான் புள்ளிவிவரப் பிரிவில் இருக்கிறேன். புதுக் கேள்விகளை மதிப்பெண் இல்லாமல் உண்மையான தாளுக்குள் கலந்துவிட்டு, மாணவர்கள் அவற்றை எப்படி எழுதுகிறார்கள் என்று பார்ப்பது எங்கள் வேலை. கழித்தல் குறி விழுந்தால், நன்றாக எழுதுகிறவர்கள் அந்தக் கேள்வியில் தவறியிருக்கிறார்கள், சுமாரானவர்களுக்குக் குருட்டாம்போக்கில் சரியாக விழுந்திருக்கிறது என்று பொருள். அநேகமாக அப்போது கோளாறு மாணவர்களிடம் இருக்காது. நாங்கள் கொடுத்த விடைக்குறிப்பே தவறாக இருக்கும்.

பிரிவுத் தலைவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கேள்விகளை வெட்டுவதால் அவருக்குக் கத்திரி என்று பட்டப்பெயர். அது அவருக்கும் தெரியும்.

"உக்காருங்க மேடம். அஞ்சுமே விடை தப்பு. சாரோட கேள்வியாச்சேன்னு ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன்."

"நானும் பாத்தேன் சார்."

"விதி உங்களுக்கே தெரியும். மூணு தப்புக்கு மேல வந்தா, எழுதினவரோட கேள்வி எல்லாத்தையும் வங்கியிலேருந்து எடுத்துடணும்."

கேள்வி வங்கியில் அவருடையவை நானூற்றுப் பன்னிரண்டு. அவர் வேறெதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஒவ்வொரு வருடமும் தேர்வு நாளன்று காலையில் காப்பி குடித்தபடி, "இந்நேரம் யாரோ என் மண்ணையும் தண்ணியையும் வெச்சுக்கிட்டு மண்டைய உடைச்சிட்டிருப்பாங்க" என்று சிரிப்பார். இந்த வருடத் தேர்வு நாளிலும் அதை நினைத்துக்கொண்டுதான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

"காரணம் காட்டினா?" என்று கேட்டேன்.

"காரணமும், எந்தத் தேதியிலேருந்துங்கறதும் காட்டினா, அதுக்கு அப்புறம் எழுதினது மட்டும் போகும். நாளைக்கு மதியம் குழு கூடுது. இல்லன்னா நான் அசட்டைன்னு எழுதணும்." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேலைக்குச் சேந்த புதுசுல நான் முதல்ல வெட்டினது அவர் கேள்விதான். நேரா வந்து கை குடுத்தார். வெட்டினது சரி, அதுக்குச் சொன்ன காரணந்தான் தப்புன்னார். அந்த மனுஷனுக்கு எப்படி மேடம் அசட்டைன்னு எழுதுவேன்?"

எழுந்தேன். கதவருகில் போனபோது, "இன்னொண்ணு" என்றார். மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் சார். ரெண்டாம் கண்ணுல என் கையெழுத்து இருக்கு."

எழுதியவர் குறித்த விடையை இன்னொருவர் தனியாகப் போட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதற்கு இரண்டாம் கண் என்று பெயர். கடைசி சில வருடங்கள் அவருக்கு இரண்டாம் கண் நான். சாப்பாட்டு நேரத்தில் கோப்புகளோடு என் மேசைக்கு வருவார். ஒரு கையால் டப்பாவைத் திறந்துகொண்டே மறு கையால் கையெழுத்துப் போடுவேன். ஒன்றையும் போட்டுப் பார்த்ததில்லை. அத்தனை வருடத்தில் அவர் விடை ஒன்றுகூடத் தப்பியதில்லை.

என் இடத்துக்கு வந்து ஐந்து கேள்விகளையும் மேசையில் பரப்பினேன்.

முதலாவது, ஐந்து வகை மண்ணில் ஒரே அளவு தண்ணீரை ஊற்றி, எவ்வளவு வடிகிறது என்று அளந்த பரிசோதனை. பட்டை வரைபடம். அ, ஆ, இ, ஈ, உ என்று ஐந்து பட்டைகள். எதில் அதிகம் வடிந்தது என்பது கேள்வி. இடக்கோடியில் அ என்ற பட்டை தென்னைமரம் மாதிரி நிற்கிறது. அவர் குறித்திருந்த விடை ஈ.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட இப்படித் தப்பு செய்யாது. படத்தை வரைபடப் பிரிவு போட்டு அனுப்பிய பிறகு, தான் எழுதிக் கொடுத்த எண்களின் அட்டவணையை மூடி வைத்துவிட்டு, படத்தை மட்டும் பார்த்துத்தான் அவர் விடை குறிப்பார். மாணவன் எதைப் பார்க்கிறானோ அதைத்தான் தானும் பார்க்க வேண்டும் என்பது அவர் தனக்கு வைத்துக்கொண்ட விதி. அப்படியென்றால் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஈ என்று எழுதியிருக்கிறார்.

வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மின்விசிறிக் காற்றில் தாள் ஓரம் படபடத்தது. பறக்காமலிருக்க இடது உள்ளங்கையை அதன் மேல் வைத்தேன். கை, அ-வையும் ஆ-வையும் மறைத்தது. மீதி மூன்றில் ஈ தான் உயரம்.

கையை எடுக்கவில்லை.

பிறகு இரண்டாவது தாளை இழுத்தேன். குளிரும் திரவத்தின் கோட்டு வரைபடம். இடப்பக்கத்தை மூடினால் அவர் விடை சரி. மூன்றாவது ஓர் அட்டவணை. முதல் பத்தியை மூடினால் சரி. நான்காவதும் ஐந்தாவதும் அப்படியே.

ஆஸ்பத்திரியில் அவர் இருந்த ஆறு வாரமும் நான் கட்டிலுக்கு வலப்பக்கம்தான் உட்கார்ந்தேன். இடப்பக்க நாற்காலியில் இருந்தால், "அவ எங்க போயிட்டா?" என்று நர்ஸிடம் கேட்பார். மூளையின் வலப்பக்கத்தில் கட்டி. "கண்ணு பாக்கும்மா, மூளை எடுத்துக்காது. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே விட்டுடும்" என்று டாக்டர் விளக்கினார். படியில் விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, முன்னால் ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா என்று என்னைக் கேட்டதும் அந்த டாக்டர்தான். ஒன்றும் இல்லை, திடீரென்றுதான் என்றேன். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். ஒரு வருடத்துக்கு முன் வந்திருந்தால் கட்டி சின்னதாக இருந்திருக்கும், எடுத்திருக்கலாம் என்றும் சொன்னார். முன்னால் ஒன்றும் தெரியவில்லையே என்பதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஏழு மாதமும் நான் தூங்கி எழுந்தேன்.

ஐந்து தாள் போதாது. இரண்டு கருத்து இருந்தால் இரண்டையும் பிரிக்கிற தரவைத் தேடு என்பார் அவர். இவர் எப்போதும் அசட்டையானவர் என்பது ஒரு கருத்து. ஒரு நாளில் தொடங்கியது என்பது இன்னொன்று. அவருடைய பழைய கோப்புகளை அலமாரியிலிருந்து இறக்கினேன். இடக்கோடியில் விடை இருக்கும் கேள்விகளை மட்டும் பிரித்துத் தேதிவாரியாக அடுக்கினேன். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நானே போட்டுப் பார்த்தேன். முதல்முறையாக.

மார்ச் நான்காம் தேதி வரை ஒன்றுகூடத் தப்பில்லை. பதினொன்றாம் தேதியிலிருந்து ஒன்றுகூடச் சரியில்லை. அவர் படியில் விழுந்தது அதற்கு அடுத்த வருடம் ஏப்ரலில். பதின்மூன்று மாதம்.

அந்த மார்ச்சில் என்ன நடந்தது என்று யோசித்தேன். யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

தட்டில் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்திருப்பார். "பாதித் தட்டு யாருக்கு?" என்று கேட்டால், "உனக்குத்தான்" என்பார், சமாளித்துக்கொண்டு. நானும் அதை உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். ஒருநாள் எரிச்சலில் தட்டை அரை வட்டம் திருப்பி அவர் முன்னால் தள்ளினேன். குனிந்து பார்த்தார்.

"அட, இன்னும் இருக்கா? எப்ப போட்ட?"

"போதுமே உங்க நடிப்பு" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். மிச்சத்தைச் சாப்பிட்டார். தட்டைத் திருப்பினால் என்ன ஆகிறது என்று பார்ப்பதற்கு அதைவிடச் சுத்தமான பரிசோதனை கிடையாது. அதைச் செய்ததே நான். முடிவைத்தான் படிக்கவில்லை.

குழுவுக்குக் கொடுக்கும் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் நோயைப் பற்றி எழுதினேன். தேதி என்ற இடத்தில் மார்ச் பதினொன்று. இரண்டாம் கண் என்ற இடத்தில், கையெழுத்திட்டவர் விடையைப் போட்டுப் பார்க்கவில்லை என்று எழுதி, என் பெயரை எழுதினேன்.

கத்திரி அதை இரண்டு முறை படித்தார். அவர் இடது கை தானாகப் போய் ஒரு படத்தின் ஓரத்தை மூடுவதைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த அறையில் யாரோ பஞ்ச் மெஷினைத் தட்டும் சத்தம் கேட்டது.

"முப்பத்தெட்டு போகும் மேடம். மத்தது எல்லாம் இருக்கும். குழுவுக்கு நான் பொறுப்பு." சற்றுப் பொறுத்து, "கடைசி வரிய நீங்க எழுதியிருக்க வேணாம்" என்றார்.

"அதுவும் தரவுதானே சார்."

ஒரு நகல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டு வாசலில் அவர் தங்கை காத்திருந்தாள். பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் வேலை முடிந்ததும் நேராக இங்கே வந்து, என்னோடு சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

"என்ன அண்ணி, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்கு? கத்திரி உங்களையே வெட்டிட்டாரா?"

"வேலை ஜாஸ்தி."

சாப்பிட உட்கார்ந்தோம். அவள் வழக்கம்போல என்னை விட வேகமாகப் பேசினாள், மெதுவாகச் சாப்பிட்டாள். நடுவில் நிறுத்தினாள்.

"நேத்து கனவுல அண்ணா வந்தான். பாதி ஷேவ் பண்ணின மூஞ்சியோட. அப்பவெல்லாம் கேலி பண்ணுவேனே, 'ஏன்டா அண்ணா, இந்தக் கன்னத்துக்கு லீவு விட்டுட்டியா'ன்னு." சிரித்தாள். சிரித்தபடியே விரலால் தன் இடது கன்னத்தைத் தடவிக் காட்டினாள். பிறகு விரல் அங்கேயே நின்றுவிட்டது.

நான் தலையைத் தூக்கவில்லை.

"அண்ணி, எப்பவும் அந்தப் பக்கந்தானே விட்டுப்போகும்? அதெல்லாம் அப்பவே... நாம கவனிச்சிருக்கணுமோ?"

குரல் கெஞ்சியது. வரும்போதெல்லாம் அண்ணனை அவள்தான் கேலி செய்வாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை கேலியும் அவள் மேலேயே திரும்பி விழும். ஒரு வீட்டில் இதைத் தெரிந்துகொண்டு ஒருவர் இருந்தால் போதும்.

"டாக்டரே எழுதியிருக்காரேம்மா" என்றேன். "திடீர்னுதான் வந்துச்சுன்னு."

"நிஜமா?"

"நிஜமா. சாப்பிடு, ஆறுது."

மூச்சை விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் சோற்றில் கை வைத்தாள். என் பை நாற்காலிக்குப் பக்கத்தில் திறந்து கிடந்தது, படிவத்தின் மடிப்பு வெளியே தெரிந்தது. காலால் அதை மேசைக்கு அடியில் தள்ளினேன்.