பேட்டனைத் தவறவிட்டவள்

மைதானத்தில் அவளை முதலில் "அண்ணி" என்று கூப்பிட்டது அவள் நாத்தனார்தான். அப்புறம் ரிலே அணியில் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். மூன்றாவது நூறு மீட்டர் அண்ணி ஓடுவாள். கடைசி நூறு நாத்தனார். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் என்று பத்திரிகையில் படம்கூட வந்தது.

பெரிய போட்டி ஒன்றின் இறுதிச் சுற்று. அண்ணி மற்ற அணிகளை முந்தி ஓடி வந்து, கைமாற்ற வேண்டிய குச்சியான பேட்டனை நாத்தனாரின் உள்ளங்கையில் வைத்தாள். ஓடும் அவசரத்தில், விரல் மூடுவதற்குள் நாத்தனார் கையை இழுத்துக்கொண்டாள். பேட்டன் விழுந்து பக்கத்துத் தடத்துக்கு உருண்டு போனது. கேமராக்கள் அந்த நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

"அண்ணி சரியாக் குடுக்கல," என்றாள் நாத்தனார், மைக் முன்னால் கண்ணைத் துடைத்தபடி.

அண்ணியும் நடந்ததைச் சொன்னாள். தோற்றுப்போய்ச் சாக்கு சொல்கிறாள் என்றார்கள். கோச் அவளை அணியிலிருந்து தூக்கினார். ஓட்டத்துக்காக வேலை கொடுத்த அலுவலகம், அவளைத் தபால் பிரிவில் முத்திரை குத்த உட்காரவைத்தது. "எம்பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே," என்றாள் மாமியார். கணவன் டிவி சத்தத்தைக் கூட்டினான். அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

அவள் குத்தும் வேகத்தில் மேசை ஆடும். "அந்தக் கவர் என்னம்மா பாவம் பண்ணிச்சு?" என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்பார். விடிவதற்கு முன்பே எழுந்து தனியாக ஓடினாள். மூச்சு முட்டும்போதெல்லாம் நாத்தனார் கண்ணைத் துடைத்ததை நினைத்துக்கொள்வாள். கால் தானாக எகிறும்.

அடுத்த வருடத் தேர்வில் அத்தனை பேரையும் பின்னால் விட்டாள். கோச்சுக்கு வேறு வழியில்லை. கடைசி நூறு அவளுக்குப் போனது. நாத்தனார் மூன்றாவதுக்கு இறங்கினாள்.

இறுதிச் சுற்றுக்கு முன், காத்திருப்பு அறையில் நால்வர் மட்டும் இருந்தார்கள். அண்ணி ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே நாத்தனாரிடம் சொன்னாள்:

"போன வருஷம் பேட்டன் எப்படி விழுந்துச்சுன்னு இவங்க முன்னாடி சொல்லு. இல்லன்னா இன்னிக்கு நான் கையே நீட்ட மாட்டேன்."

"விளையாடாதீங்க அண்ணி."

"விளையாடத்தானே வந்திருக்கோம்?"

நாத்தனாரின் முகம் வெளுத்தது. "நான்தான் கையை இழுத்துட்டேன். போதுமா?"

அண்ணி மற்ற இருவரையும் பார்த்தாள். இருவருமே திடுக்கிடவில்லை. முதலில் ஓடும் நெட்டை, தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"அன்னிக்கே எங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லி அழுதா," என்றாள் நெட்டை. "வாயைத் திறந்தா கோச் எங்களையும் தூக்கிடுவாருன்னு பயம் அண்ணி."

அண்ணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பேட்டனை விட்டால் மூன்று பேரும் தொலைந்தார்கள். நினைக்கவே இனித்தது. ஆனால் தோற்றவள் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது.

ஓட்டம் தொடங்கியது. மூன்றாவது நூறில் நாத்தனார் பேயறைந்த முகத்தோடு ஓடி வந்தாள், அண்ணியின் கை நீளுமா நீளாதா என்று தெரியாமல். நீண்டது. பேட்டனை நொறுக்கிவிடுவதுபோல் பிடித்துக்கொண்டு அண்ணி பறந்தாள். முன்னால் போன இருவரையும் தாண்டி எல்லைக்கோட்டை முதலில் தொட்டாள்.

கழுத்தில் பதக்கங்களோடு நால்வரும் நின்றார்கள். நீட்டிய மைக்கில் அண்ணி நிதானமாகப் பேசினாள்.

"போன வருஷம் பேட்டனைத் தவறவிட்டது நான் இல்ல. கையை இழுத்தது இவ. மத்த ரெண்டு பேருக்கும் அது அன்னிக்கே தெரியும். இங்கதான் நிக்கறாங்க, கேட்டுக்குங்க."

கேமராக்கள் எல்லாம் திரும்பின. நாத்தனார் நழுவப் பார்த்தாள். அண்ணி அவள் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கிப் பிடித்திருந்தாள், படத்துக்கு நிற்பதுபோல.

கணவன் போன் செய்தான். "வீட்டு விஷயத்தைச் சந்தி சிரிக்க வெச்சிட்டியே. அம்மா அழுதுட்டே இருக்காங்க."

"அழட்டும்," என்று வைத்துவிட்டாள்.

நாத்தனாருக்கு அணியில் இடம் போனது. மைதானத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துக்கொண்டு, அண்ணி இன்னும் இரண்டு வருடம் ஓடினாள். "இப்பவாவது எங்க மேல மனசு இரங்குச்சா?" என்று நெட்டை ஒருநாள் கேட்டாள்.

"இன்னும் இல்லடி," என்றாள் அண்ணி.