தீபத்துக்கு முன்னால் விதைத்தவள்

பாலசமுத்திரத்தில் கொத்தமல்லித் தனியா விதைக்க ஒரு நாள் உண்டு. கார்த்திகை தீபத்துக்கு மறுநாள், வீட்டு ஆம்பிளைதான் முதல் கை விதை போட வேண்டும். கன்னிகாவின் புருஷன் இறந்துபோன பிறகு அந்த உரிமை கொழுந்தன் ரகுவுக்கு வந்தது. தன் அரை ஏக்கருக்கும் அவளுடைய அரை ஏக்கருக்கும் சேர்த்தே போட்டான். இரண்டு வருஷமாகப் பூ என்னவோ நன்றாகத்தான் எடுத்தது. மணி பிடிக்கிற நேரத்தில் மாசி வெயில் அடித்து, எல்லாம் பொக்காகப் போனது.

"இன்னொரு வாட்டி இப்டி ஆச்சின்னா உன் பங்க எங்கிட்ட உட்ரு அண்ணி. மாங்கன்னு நட்டுக்கறேன்" என்றான் ரகு.

அவளும் வாய் தவறிச் சரியென்றுவிட்டாள். மறுவாரமே அவன் சித்தூருக்குப் போய் இருபது கன்றுகளை வாங்கிவந்து, அவள் வரப்பிலேயே பையோடு வரிசையாக வைத்தான்.

ஆனால் கன்னிகா ஒன்றைக் கவனித்து வைத்திருந்தாள். களத்து ஓரம் சிந்திய தனியா, யாரையும் கேட்காமல் ஐப்பசி மழைக்கே முளைத்து, தையிலேயே கெட்டியாக மணி வைத்திருந்தது. அந்த ஐப்பசியில் விதையைச் செங்கல்லால் உருட்டி இரண்டாகப் பிளந்து, முதல் கையை அவளே போட்டாள்.

"தீபத்துக்கு மின்னாடியா? மழைல அழுகிடும். ஊரே சிரிக்கும்" என்றான் ரகு.

"சிரிச்சிக்கினு இருக்கட்டும்."

அவன் சொன்னதுபோலவே மழை நான்கு நாள் விடாமல் பெய்தது. கன்னிகா யூரியா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, பாத்திக்குப் பாத்தி வடிகால் வெட்டினாள். கால்வாசி போனது, மிச்சம் நின்றது.

தை கடைசியில் அறுத்தபோது ஐந்து மூட்டை. அப்போதுதான் பூவெடுத்த ரகுவின் செடிகளை மாசி வெயில் பிடித்துக்கொண்டது. அவனுக்கு இரண்டு மூட்டைகூடத் தேறவில்லை. கன்னிகா தன் மூட்டைகளை இரண்டு நாள் வாசலிலேயே வைத்திருந்தாள். வெயில் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டாள். ஊர் பார்க்கட்டும் என்பதுதான் விஷயம்.

அடுத்த ஐப்பசியில் ரகு ஒரு முறம் நிறையப் பிளந்த விதையோடு வந்து நின்றான்.

"அண்ணி, என் பக்கத்துக்கும் மொத கை நீயே போடு."

கன்னிகாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கழனிக்கு நடந்தாள். கை நிறைய விதையை அள்ளியவள், வரப்பைப் பார்த்து நின்றுவிட்டாள். பை கிழிந்து வேர் வெளியே தெரிய, மாங்கன்றுகள் இன்னும் அங்கேயே இருந்தன.

"போடறேன். மொதல்ல இதுங்கள எடுத்துக்கினு போ."

இருபதாவது கன்றும் வரப்பை விட்டு நகரும்வரை அவள் கையைத் திறக்கவில்லை.