இருபத்தொன்பதாம் பாகைக்குக் கீழே

வெறும் வயிறு உலக வரைபடத்தில் ஒரு கோட்டைக்கூட விரற்கடை அளவு நகர்த்தியதில்லை, நகர்த்தப்போவதும் இல்லை. இதை வரலாற்று ஆதாரங்களுடன் நிறுவ தமோட்சு மெகுமி தயாராக இருந்தான். நிறுவிய இடம் அமாமித் தீவில் நாசே ஊரின் மேட்டுக் கோயில் முற்றம். கேட்டவர்கள், தீவை மறுபடி ஜப்பானோடு சேர்க்கக் கேட்டு மூன்று நாள் பட்டினியில் பாயோடு ஒட்டிக் கிடந்த பதினோரு பேர். அதனால் எதிர்ப்பு அதிகம் எழவில்லை.

ஒருவன் மட்டும் தலையைத் தூக்கினான். கணக்கு வாத்தியார் கானேமிட்சு, தமோட்சுவின் மனைவி ஹட்சுஏவுக்குத் தம்பி.

"இந்தியாவுல ஒருத்தர் நகர்த்தினாரே, அத்தான்."

"அவர் சாப்பிடலைன்னா அரசாங்கத்துக்குத் தூக்கம் வராது. நீ சாப்பிடலைன்னா உன் வகுப்புக்கு லீவு. அவ்வளவுதான்டா வித்தியாசம்."

பாயில் கிடந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்ததில் ஒருவருக்குத் தலை சுற்றியது.

தமோட்சு இப்படிப் பேசக் காரணம் இருந்தது. அமெரிக்க ராணுவ அலுவலகத்தில் அவன் மொழிபெயர்ப்பாளன். தோற்ற ஜப்பானோடு வென்றவர்கள் எழுதிக்கொண்ட சமாதான ஒப்பந்தத்தின் இருபத்தேழு பிரிவுகளையும் ஆங்கிலத்திலேயே படித்தவன். வரும் திங்கட்கிழமை அது நடைமுறைக்கு வரும். அன்று ஜப்பானுக்கு விடுதலை. ஆனால் மூன்றாம் பிரிவின்படி, வட அட்சரேகை இருபத்தொன்பதாம் பாகைக்குக் கீழே இருக்கும் அமாமியும் ஓகினாவாவும் அமெரிக்கர் கையிலேயே இருக்கும். எழுத்தில் போனதை எழுத்தில்தான் மீட்க வேண்டும், பட்டினியால் அல்ல என்பது அவன் கட்சி.

எழுதியும் பார்த்தான். ஹட்சுஏ கடலுக்கு அந்தப் பக்கம், ஜப்பானின் காகோஷிமாவில் காசநோய் விடுதியில் கிடந்தாள். பார்க்க வேண்டியவர்கள் இந்த மாதத்துக்குள் வந்துவிடட்டும் என்று நர்ஸ் கடிதம் போட்டிருந்தாள். போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஊரில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவன், தன்னுடையதில் நாடு என்ற இடத்தில் பழக்கதோஷத்தில் 'ஜப்பான்' என்று எழுதிவிட்டான். திரும்பி வந்தது. ஆள்பவர் நாட்டையே எழுதிவிடுவோம் என்று 'அமெரிக்கா' என்று எழுதினான். அது சிவப்புப் பென்சில் கோட்டோடு இன்னும் வேகமாகத் திரும்பியது. மூன்றாவது முறை, அமெரிக்கர் இந்தத் தீவுக்காரர்களைக் குறிக்க எழுதுவதும் ஊரில் ஒருவரும் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ளாததுமான 'ரியூக்கியூவாசி' என்று எழுதினான். அது ஓகினாவாத் தலைமையகத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது.

வியாழக்கிழமை அலுவலகத்தின் மேலதிகாரி கேப்டன் வில்லர்டின் முன்னால் போய் நின்றான். சனிக்கிழமை கப்பல் என்றான். மனைவியின் நிலையைச் சொன்னான். கேப்டன் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டினார்.

"உண்மையச் சொல்றேன், மிஸ்டர் மெகுமி. உங்க தீவு எங்களுக்கு எதுக்கும் ஆகாது. விமானம் இறக்கச் சமதரை கிடையாது. எங்களுக்கு வேண்டியது ஓகினாவா. அங்க இருந்தா கொரியாவும் பக்கம், சீனாவும் பக்கம்."

"அப்ப எங்களை விட்டுடலாமே?"

"டோக்கியோ என்னைக்காவது எங்ககிட்ட முகத்தைத் திருப்பிக்கலாம். அன்னைக்குச் சமாதானப்படுத்த ஏதாவது குடுக்கணும் இல்லையா? அதுக்குத்தான் நீங்க."

"குடுக்கறதுக்காகவா வச்சிருக்கீங்க?"

"பரிசுப் பொருள் பிரிக்காம இருந்தாத்தான் மதிப்பு. ஆளுங்க இப்பவே அங்கயும் இங்கயும் போய்வந்தா, பிரிச்ச மாதிரி ஆயிடும். மேலிடத்துக்கு அது பிடிக்கல."

தமோட்சு அந்த வாதத்தில் ஓட்டை தேடினான். நேர்த்தியான வாதம். மனைவியின் நுரையீரல் மட்டும்தான் அதற்குள் அடங்கவில்லை.

சனிக்கிழமை துறைமுகத்துக்குப் போனான். ஹட்சுஏ கேட்டிருந்த கருப்பஞ்சர்க்கரைக் கட்டியைப் பொட்டலம் கட்டி ஒரு மாலுமியிடம் கொடுத்தான். அந்தக் கப்பலில் பதினான்கு பன்றிகள் ஏறின. அவற்றின் அனுமதித் தாளில் எடை, நிறம், தடுப்பூசி மூன்றும் கேட்டிருந்தார்கள். நாடு கேட்கவில்லை. கப்பல் முனையைத் தாண்டி மறையும்வரை நின்றான். மறைந்த பிறகும், வேறு வேலை தோன்றாததால், நின்றான்.

திரும்பும் வழியில் கால் கோயில் பக்கம் இழுத்தது. கானேமிட்சுவின் உதடு வெடித்திருந்தது.

"போகலையா?"

"அடுத்த கப்பல்ல போறேன்."

"அடுத்த கப்பலுக்கு அக்கா இருப்பாளா, அத்தான்?"

தமோட்சு பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குவளையை மச்சினன் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

திங்கட்கிழமை நாசேயில் எந்தக் கூரையிலிருந்தும் புகை எழவில்லை. ஊரே அடுப்பை மூட்டாமல் இருந்தது. பச்சைக்குழந்தைகளின் அழுகை மட்டும் தெருவுக்குத் தெரு கேட்டது. ராணுவ அலுவலகத்தில் அன்று ஊழியர் எல்லோருக்கும் டின் மாட்டிறைச்சியும் ரொட்டியும் இலவசம் என்று உத்தரவு. எத்தனை ஊழியர்கள் பட்டினிப் போராட்டத்தில் சேர்ந்திருக்கிறார்கள் என்று தலைமையகத்துக்கு அறிக்கை போக வேண்டும். தட்டச்சு செய்ய வேண்டியவன் தமோட்சு.

'ஒருவரும் இல்லை' என்று அடித்தான். ஆங்கிலம் பிழையில்லாமல் இருந்தது.

மேசைகளுக்கு இடையே நடந்துவந்த கேப்டன் அவனுடைய தட்டைப் பார்த்து நின்றார்.

"சாப்பிடலையா?"

"வயிறு சரியில்ல, சார்."

"காலையிலேர்ந்தா?"

"சனிக்கிழமையிலேர்ந்து."

மருந்து அனுப்பிவைப்பதாகச் சொல்லிவிட்டு கேப்டன் நகர்ந்தார். தமோட்சு தட்டைச் சத்தமில்லாமல் மேசையின் ஓரத்துக்குத் தள்ளினான். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, அறிக்கையின் அடுத்த பிரதிக்குக் கார்பன் தாளை நேராக்கினான்.