சிட்டு என்று கூப்பிட்ட குரல்

தையல் கம்பெனியில் அவளுக்கு ‘ஸ்பீக்கர்’ என்று பட்டப்பெயர். நாற்பது மிஷின்கள் ஒன்றாக ஓடினாலும், கடைசி வரிசையில் காஜா எடுக்கிற பெண் வரை அவள் குரல் போய்ச் சேரும். சூப்பர்வைசர் வேலைக்கு அதுதான் மூலதனம். நிமோனியாவில் விழுந்து, பன்னிரண்டு நாள் தொண்டைக்குள் குழாயோடு கிடந்துவிட்டு வீடு திரும்பியபோது அந்தக் குரல் இல்லை. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

“ஆறு வாரத்துல வந்துடும். அதுவரைக்கும் எழுதிக் காட்டுங்க” என்றார் டாக்டர்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊர் முழுக்க லிஃப்டை ஓட வைக்கிறவன் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்டே கிடையாது. அவனும் எதிர்வீட்டு டிரைவருமாக அவளை நாற்காலியில் உட்கார வைத்து மூன்று மாடி தூக்கி ஏற்றினார்கள். வழியெல்லாம் அவள் கையிலிருந்த சின்ன எழுதுபலகையில் ‘மெதுவா’ என்று எழுதி அவன் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தாள்.

உதவிக்கு அவனுடைய அக்கா வந்து தங்கினாள். பத்தாவது படிக்கும் மகள் அம்மாவின் நடைப்பயிற்சிக்குப் பொறுப்பேற்றாள். கட்டிலிலிருந்து ஜன்னல் வரை பதினான்கு அடி. முதல் வாரம் அம்மா பாதி வழியில் திரும்பினாள். அடுத்த வாரம் ஜன்னலைத் தொட்டாள். நடுவில் இரண்டு நாள் காய்ச்சல் அடித்து, எல்லாம் முதலிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று. அவன் துவைத்ததில் வெள்ளைச் சட்டையெல்லாம் ரோஸ் நிறமாயின. உப்பில்லாத சூப்பை அவள் ஒருநாள் தள்ளிவிட, கிண்ணம் உடைந்தது. அக்கா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். பிறகு இருவரும் ஒரே தட்டில் ரொட்டி தின்றார்கள்.

ஐந்தாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அறைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

“சிட்டு, அந்த ஜன்னலச் சாத்து. காத்து முதுகுல குத்துது.”

பேச்சு வந்துவிட்டது என்று மூவரும் ஓடினார்கள். வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள். அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. ஆனால் அது அவள் குரலே இல்லை. மெலிந்த, வயதான குரல். ஒவ்வொரு சொல்லின் கடைசியும் லேசாக இழுபட்டது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்தியபடி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரும்மா சிட்டு?” என்றாள் மகள். அவளை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவள் பலகையை இழுத்துக்கொண்டாள். ‘அது நான் பேசலை’ என்று எழுதினாள்.

அன்றிலிருந்து அவள் வாயைத் திறக்கவே பயந்தாள். ஆனால் கண் அசந்த நேரத்தில், மருந்து விழுங்கின கையோடு, குரல் தானாக வந்துவிடும். சிட்டு சாப்பிட்டியா. சிட்டு குடை எடுத்துக்கிட்டியா. மகள் அந்த அறையில் வீட்டுப்பாடம் எழுதுவதை நிறுத்தினாள். “அம்மா மாதிரியே இருக்காங்க. ஆனா அம்மா இல்லப்பா” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அழுதாள்.

“ஆஸ்பத்திரியில இருந்து எதையோ கூட்டிக்கிட்டு வந்திருக்கா. யாரையாவது வரச்சொல்லிப் பாக்கலாம்டா” என்றாள் அக்கா.

“டாக்டர்தான்க்கா பாக்கணும்” என்றான் அவன். மறுநாளே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான்.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். வீக்கம் வடிந்துவிட்டது, குரல் கொஞ்ச நாள் மாறித்தான் கேட்கும் என்றார். வெளியே வரும்போது, தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் எதிரே வந்தாள். சிரித்துக்கொண்டே நலம் விசாரித்தாள். பதிலுக்கு அந்தக் குரல்தான் வந்தது.

“சிட்டு வந்தாளா?”

நர்ஸின் கையிலிருந்த பைல் சரிந்தது. அவனைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னாள். பக்கத்துக் கட்டிலில் ஓர் அம்மா இருந்தார். மகள் பேர் சிட்டு. இவள் கண் விழித்த நாளுக்கு முந்தின நாள் அவர் இறந்துபோனார்.

அவனுக்கு மூச்சு வந்தது. “அப்போ மயக்கத்துல அவங்க பேசினத இவ கேட்டிருக்கா. அவ்வளவுதானே.”

“இல்ல சார்” என்றாள் நர்ஸ். “அவங்களுக்கும் குழாய்தான் போட்டிருந்தோம். ஒரு வார்த்தை பேசல. அந்தப் பேரையே பேப்பர்லதான் எழுதிக் காட்டினாங்க. அவங்க குரல் எப்படி இருக்கும்னு இங்க யாருக்குமே தெரியாது.”

பஸ்ஸில் மனைவி அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் தலையின் கனம் எப்போதும் போலத்தான் இருந்தது. நர்ஸ் சொன்னதை அவளிடம் மறைக்கவில்லை. அவள் பலகையில் எழுதினாள். ‘அந்தப் பொண்ணை வரச் சொல்லுங்க.’

நர்ஸ் மூலமாகச் செய்தி போயிற்று. இரண்டு நாள் கழித்து, மாலை வெயிலில் சிட்டு வந்தாள். நாற்பது வயதிருக்கும். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. நம்பாத முகத்தோடுதான் படியேறி வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது.

“முட்டிவலிய வச்சுக்கிட்டு மூணு மாடி ஏறணுமாடி? அறிவிருக்கா உனக்கு?”

சிட்டு அங்கேயே, வாசலில், தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கு முட்டிவலின்னு யார் சொன்னது?” என்று அவனைக் கேட்டாள். “நான் யார்கிட்டயும் சொன்னதில்லையே.”

மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு சிட்டு உள்ளே போய்க் கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மாவோடு மூன்று வருஷம் பேசவில்லையாம். ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது அம்மாவின் வாயில் குழாய் இருந்தது.

“இன்னும் கொஞ்சம் திட்டச் சொல்லுங்க” என்றாள்.

குரல் திட்டியது. தலைக்கு எண்ணெய் வைக்காததற்கு, கோபத்துக்கு, போனை எடுக்காததற்கு. சிட்டு ஒவ்வொன்றுக்கும் “சரிம்மா” என்றாள். மனைவியின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. அது யாருடைய அழுகை என்று அவனுக்குத் தெரியவில்லை. கதவருகே நின்றிருந்த அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வெயில் போகும் வரை பேச்சு நீண்டது. கடைசியில் குரல், “போயிட்டு வா, இருட்டப்போகுது” என்றது.

அதற்குப் பிறகு பத்து நாள் வீட்டில் சத்தமே இல்லை. பதினோராம் நாள், அவன் ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போக, மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி, “எத்தன தடவதான் சொல்றது உங்களுக்கு?” என்று ஒரு கத்தல் எழுந்தது. எதிர்வீட்டு டிரைவர் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். மகள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அவன் துண்டை எடுக்கத் தோன்றாமல் நின்றான்.

அடுத்த மாதம் அவள் வேலைக்குப் போனாள். அக்கா ஊருக்குக் கிளம்பினாள். சிட்டு மட்டும் வருவதை நிறுத்தவில்லை. குரல் போய்விட்டது என்று தெரிந்தும், புதன்கிழமை தோறும் மாலையில் வந்து உட்கார்ந்திருப்பாள். இரண்டு பெண்களும் டீ குடிப்பார்கள்.

அப்படி ஒரு புதன்கிழமை, மனைவி பேச்சுவாக்கில் சிட்டுவிடம் கேட்டாள். “உங்கம்மா நல்லா சிரிப்பாங்க இல்ல?”

“அம்மாவா?” என்றாள் சிட்டு. “சிரிச்சு நான் கேட்டதே இல்லைங்க. ஒரு தடவகூட.”

“நான் கேக்குறேனே” என்றாள் மனைவி தன் சொந்தக் குரலில், மிகச் சாதாரணமாக. “நீங்க படியேறி வர்றப்பல்லாம்.”

அவன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். சிட்டு நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.