கேட்டைச் சாத்தாமல் போனவள்

ஊரார் படம் பார்க்க வந்திருந்தார்கள். ஹெக்டர் கின்ராஸ் காவலுக்கு வந்திருந்தார்.

முல்லங்காரா ஊர் மண்டபத்தின் மூன்றாம் வரிசையில், கோட்டும் டையும் அணிந்து, முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். பிப்ரவரி வெயிலில் தகரக் கூரை டப் டப்பென்று வெடித்துச் சத்தமிட்டுக்கொண்டிருந்தது. மற்ற ஆண்கள் எல்லாரும் அரைக்கால் சட்டையில் இருந்தார்கள். அவருக்குப் பக்கத்தில் அவருடைய அத்தை பெரில், எண்பத்து நான்கு வயது, மடியில் ஒரு பை ஜாஃபா மிட்டாயோடு திருவிழாவுக்கு வந்தவள்போல் இருந்தாள்.

"ஒரு வார்த்தை பேசக் கூடாது அத்தை. வாக்குக் கொடுத்திருக்கீங்க."

"வாயில மிட்டாய் இருக்கிற வரைக்கும்னுதானே சொன்னேன்" என்றாள் அத்தை, பையைக் குலுக்கிப் பார்த்துக்கொண்டே.

விருதுக் காலம் வந்தால், பரிசுக்குப் போட்டியிடும் படங்களை ஊர்த் திரைப்படச் சங்கம் ஞாயிறு பிற்பகல்களில் போடும். படம் முடிந்ததும் தேநீர், பலகாரம், சண்டை. அதன் பிறகு ஆளுக்கொரு ஆரஞ்சு நிற ஜாஃபாவை இரண்டு கண்ணாடிச் சாடிகளில் ஒன்றில் போட வேண்டும். ஒன்று 'பரிசு கொடுக்கலாம்', மற்றது 'கொடுக்கக் கூடாது'. அமெரிக்காவில் யார் என்ன தீர்ப்புச் சொன்னாலும் முல்லங்காராவின் தீர்ப்பு அந்தச் சாடிகளில்தான்.

இந்த வாரப் படத்தை வேண்டாமென்று ஹெக்டர் சங்கக் கூட்டத்திலேயே எதிர்த்தார். அவருக்கு ஆதரவாகக் கை தூக்கியவர் அவர் மட்டும்தான். அது காதல் படம். எழுதியவர் இதே ஊர் மதுக்கடை மாடியில் ஒரு மாதம் தங்கி, குடிக்க வந்தவர்களிடமெல்லாம் கதை கேட்டுப் போனவர். பெயர்களை மாற்றியிருந்தார். ஊருக்குப் பெயரா வேண்டும்?

அறுபது வருடத்துக்கு மேலாகிறது. ஒரு விடியற்காலையில் கின்ராஸ் வீட்டுப் பெண் பெரில், பக்கத்து நிலத்து இளைய மகன் லெஸ் ட்ரெம்பாத்தோடு தகப்பனார் வண்டியில் ஏறிப் போய்விட்டாள். ஓடிப்போனதை ஊர் ஒரு வருடத்தில் மன்னித்தது. கேட்டை மன்னிக்கவில்லை. இரண்டு நிலங்களுக்கும் நடுவிலிருந்த எல்லை கேட் அன்று ஆவென்று திறந்து கிடந்தது. ட்ரெம்பாத் வீட்டுக் கறுத்த முகக் கிடாக்கள், மூன்று தலைமுறையாகக் கண்காட்சிப் பரிசு வாங்கிய கின்ராஸ் வீட்டு வெள்ளை மெரினோ ஆட்டு மந்தைக்குள் புகுந்துவிட்டன. அந்த முறை குட்டிகள் கறுத்த முகத்தோடு துள்ளிக்கொண்டு பிறந்தன. மானம் போனால் முகத்தில் கரி பூசியது என்பார்கள். கின்ராஸ் வீட்டில் அந்த வேலையை ஆட்டுக்குட்டிகள் செய்தன. ஹெக்டரின் தந்தை அந்த வருடம் முழுக்கத் தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

இந்தப் பக்கத்து ஊர்களில் திருடனுக்குக்கூட மன்னிப்பு உண்டு. கேட்டைத் திறந்து போட்டவனுக்குக் கிடையாது. சட்டமும் சிக்கலில்லாதது. ஓட்டுகிறவர் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் இறங்கித் திறக்க வேண்டும், வண்டி தாண்டியதும் சாத்திச் சங்கிலி மாட்ட வேண்டும். பாதிரியாரானாலும் சரி, மணப்பெண்ணானாலும் சரி.

விளக்கு அணைந்தது. படம் ஓடியது. கதாநாயகன் ஆட்டுக் கொட்டகையில் கதாநாயகியை முத்தமிட்டான். முத்தம் நீண்டது. இன்னும் நீண்டது. சரிந்த மரத்தரையில் டக், டக், டக்கென்று ஒரு ஜாஃபா உருண்டு திரையை நோக்கிப் போயிற்று. அலுப்பூட்டும் முத்தத்துக்கு முல்லங்காரா செய்யும் பழைய மரியாதை அது. மண்டபம் சிரித்தது. எந்தப் பொறுக்கி என்று ஹெக்டர் திரும்பிப் பார்த்தார். அத்தை அடுத்ததை உருட்டத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

"அத்தை!"

"பேசலையே" என்றாள் அவள், மெல்லிய குரலில்.

கடைசியில் அந்தக் காட்சி வந்தது. கதாநாயகன் வண்டியை ஓட்டி வந்தான். கதாநாயகி இறங்கினாள், கேட்டைத் திறந்தாள். வண்டி தாண்டியது. அவள் சாத்தவில்லை. கைகளை விரித்தாள், வானத்தைப் பார்த்தாள், கூந்தல் காற்றில் பறந்தது, வயலின் அழுதது. ஓடிப்போய் வண்டியில் ஏறிக்கொண்டாள். பின்னால் ஆடுகள் ஆற்று வெள்ளம்போல் திறந்த கேட் வழியாக மெல்ல, மிக மெல்ல ஓடின.

மண்டபம் முழுவதும் ஒரே குரலில் முனகியது. பின் வரிசையில் யாரோ, "கேட்டைச் சாத்தும்மா" என்று தாங்க முடியாமல் சொல்லியேவிட்டார்.

ஹெக்டரின் காதுமடல்கள் எரிந்தன. இத்தனை காலம் இது ஊர்ப் பேச்சு. இனி உலகம் பார்க்கும். கின்ராஸ் வீட்டுப் பெண் கேட்டைத் திறந்து போட்டதற்கு விருது கொடுப்பார்கள், கைதட்டுவார்கள்.

தேநீர் மேசையருகே பேச்சு சூடு பிடித்தது. மெல்போர்னிலிருந்து புதிதாக வந்திருந்த பள்ளி ஆசிரியை பிரியோனி முதலில் ஆரம்பித்தாள்.

"எனக்கு அந்த கேட் காட்சியில அழுகையே வந்துடுச்சு. அது வெறும் கேட் இல்ல. அவ மனசு. அவ விடுதலை."

"விடுதலை அவளுக்கா, ஆட்டுக்கா?" என்றார் கறிக்கடை நெவில், வாயில் பாதி சாசேஜ் ரோலோடு.

"ரெண்டு பேருக்கும்தான்."

"அப்போ மறுநாள் காலையில அந்த ஆட்டையெல்லாம் யாரு பிரிச்சுக் கட்டுனாங்க? அதைக் காட்டினா நான் பரிசு கொடுப்பேன்."

"நீங்க கவிதையைப் பார்க்க மாட்டேங்கிறீங்க நெவில்."

"பார்த்தேன் டீச்சர். கவிதை நெடுஞ்சாலைப் பக்கமா ஓடுச்சு. லாரியில அடிபட்டிருக்கும்."

இந்தச் சிரிப்புக்கு நடுவில் காலின் ட்ரெம்பாத் தேநீர்க் கோப்பையோடு வந்து சேர்ந்தார். லெஸ்ஸின் அண்ணன் மகன், ஹெக்டரைவிட இரண்டு வயது சிறியவர், அவரை எங்கே தொட்டால் எரியும் என்று நன்றாகத் தெரிந்தவர்.

"என்னப்பா ஹெக்டர், உங்க வீட்டு கேட் உலகம் பூரா ஓடுதாமே. விருது மேடைக்கு யாரு போறது, நீயா, கேட்டா?"

"படத்துல வர்றது யாரோ ஒரு பொண்ணு" என்றார் ஹெக்டர்.

"ஆமாமா. யாரோ ஒரு பொண்ணு. யாரோ ஒருத்தரோட கறுத்த முகக் குட்டிங்க. எங்க கிடாக்களுக்கும் ஒரு விருது கொடுக்கலாம். துணை நடிகர் விருது."

ஹெக்டர் கோப்பையைத் தட்டில் வைத்தார். கோட்டை இழுத்துச் சரி செய்துகொண்டு, சொற்பொழிவுக்கு நிற்பதுபோல் நிமிர்ந்தார்.

"கின்ராஸ் வீட்டுல பொறந்தவங்க நடக்கப் பழகும்போதே கேட் சாத்தப் பழகினவங்க. அன்னிக்கு என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியாது. ஆனா எங்க வீட்டு ஆளு இறங்கியிருந்தா அந்த கேட் சாத்தியிருக்கும். நான் சொல்றது அவ்வளவுதான்."

"அப்போ பேயா இறங்கிச்சு?" என்றார் காலின். "வண்டியில ரெண்டு பேரு. எங்க சித்தப்பா ஓட்டினாரு. மிச்சம் யாருன்னு நீயே கணக்குப் போட்டுக்கோ."

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் பலகார மேசையைப் பார்த்தார்கள். அங்கே பெரில் அத்தை தேங்காய்த் துருவல் தூவிய லாமிங்டன் கேக் ஒன்றைத் தட்டில் எடுத்துக்கொண்டிருந்தாள். மிட்டாய்ப் பை காலியாக மேசையில் கிடந்தது.

"லெஸ்ஸுக்கு அப்போ வண்டி ஓட்டவே தெரியாது காலின்" என்றாள் அவள். "குதிரைதான் தெரியும். நான்தான் ஓட்டினேன்."

நெவில் சாசேஜ் ரோலைக் கீழே வைத்தார்.

"நீங்க ஓட்டினீங்களா?" என்றார் நெவில், நீதிபதி மாதிரி.

"எங்கப்பா வண்டி. நான் ஓட்டாம யாரு ஓட்டுவா?"

"அப்போ பக்கத்துல..."

"லெஸ்."

அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. மண்டபத்திலிருந்த அத்தனை தலைகளும் ஒன்றாகத் திரும்பி காலினைப் பார்த்தன. பிரியோனி மட்டும், "எனக்குப் புரியலையே, அதனால என்ன?" என்று கேட்டாள். அவள் புதிது, பாவம். நெவில் அவள் காதருகில் குனிந்து சட்டத்தைச் சொன்னார். அவள் "ஓ" என்றாள். பிறகு அவளும் காலினைப் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?" என்று கேட்டார் காலின். அவர் குரல் இறங்கியிருந்தது.

"ஏன் போனேன்னு எல்லாரும் கேட்டாங்க. எப்படிப் போனேன்னு யாரும் கேக்கலையே."

காலின் கோப்பையை வைத்துவிட்டுத் தொப்பியைத் தேடினார். போகிற வழியில் தன் ஜாஃபாவைப் பார்க்காமலேயே ஏதோ ஒரு சாடியில் போட்டார். ஹெக்டர் தன்னுடையதை 'கொடுக்கக் கூடாது' சாடியில், எல்லாருக்கும் கேட்கும்படி, உயரத்திலிருந்து போட்டார்.

"பெரில், உங்க ஓட்டு?" என்று கேட்டாள் பிரியோனி.

அத்தை தன் கையிலிருந்த கடைசி ஜாஃபாவைச் சற்று யோசித்துப் பார்த்தாள். "நல்ல படம்தான். ஆனா முக்கியமான இடத்தையே விட்டுட்டாங்க" என்று சொல்லி அதை வாயில் போட்டுக்கொண்டாள்.

வீடு திரும்பும்போது வெயில் இன்னும் சாயவில்லை. நெடுஞ்சாலையில் ஹெக்டர் சீட்டியடித்துக்கொண்டு ஓட்டினார். அவர் சீட்டியடித்து அத்தை கேட்டதில்லை. தார்ச் சாலை முடிந்து சொந்த நிலத்து மண்பாதை தொடங்கியதும் அத்தை, "நிறுத்து, மாறி உக்காரு" என்றாள். லெஸ் இறந்தபின் அத்தை பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். வயதாகி லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பாதையில் அவள்தான் ஓட்டுவாள். இடம் மாறிக்கொண்டார்கள்.

"ட்ரெம்பாத் வீட்டுத் தப்பை நம்ம தலையில கட்டிட்டாங்களே அத்தை. அப்பா அதை நினைச்சே போயிட்டாரு. ஒண்ணு கேக்கணும். லெஸ் மாமா அவ்வளவு அசட்டையான ஆளா?"

"லெஸ்ஸா? சங்கிலி மாட்டிட்டு ரெண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவன்டா அவன்."

ஹெக்டரின் சீட்டி நின்றது.

"அப்போ அன்னிக்கு?"

"சாத்தத்தான் இறங்கினான்." அத்தை பாதையைப் பார்த்தே சொன்னாள். "பாதி சாத்தினான். அப்போ நம்ம வீட்டு வராந்தாவுல விளக்கு எரிஞ்சுது. எங்கப்பா முழிச்சிட்டாரு. எனக்குக் கைகால் ஓடலை. கிளட்ச்சுலேர்ந்து காலை எடுத்துட்டேன், வண்டி கிளம்பிடுச்சு. கண்ணாடியில பார்த்தேன். அவனோட ஒரு கை கேட்டுல. இந்தப் பக்கம் நான் போயிட்டிருக்கேன். அந்தப் பக்கம் சங்கிலி. ட்ரெம்பாத் வீட்டுல பொறந்தவனுக்கு அது எப்பேர்ப்பட்ட கஷ்டம்னு நினைச்சுப் பாரு."

"நினைச்சுப் பார்க்கிறேன்" என்றார் ஹெக்டர், மெதுவாக.

"கேட்டை விட்டுட்டு ஓடி வந்தான். அவ்வளவு வேகமா அவன் அதுக்கப்புறம் ஓடினதே இல்ல. இன்னிக்கு முத்தம் கொடுத்தானே ஒரு பையன், அவனுக்கு இதுல கால்வாசி வருமா?"

ஹெக்டர் நேரே பார்த்துக்கொண்டு வந்தார். முதுகு மறுபடியும் இருக்கையை விட்டு விலகியிருந்தது. மண்டபத்தில் தொப்பியைத் தேடிய காலினின் முகம் அவருக்கு ஞாபகம் வந்தது.

"அப்போ தப்பு நம்ம வீட்டுதுதான்" என்றார். "காலின்கிட்ட சொல்லணும். போனதும் போன் பண்றேன். பொய்யான நல்ல பேரு நமக்கு வேண்டாம்."

"பொய் எங்கடா சொன்னேன்? அவங்க கேட்டதுக்குப் பதில் சொன்னேன். மிச்சத்தை நீ சொல்லு. லெஸ் இருந்தா அவனே சொல்லிச் சிரிச்சிருப்பான்."

"சிரிக்கிற விஷயம் இல்ல அத்தை."

"அதான் உன்கிட்ட உள்ள கோளாறு" என்றாள் அத்தை, வண்டியை நிறுத்தினாள். வீட்டு கேட் வந்திருந்தது.

ஹெக்டர் இறங்கினார். கேட்டைத் திறந்தார். வண்டி தாண்டியது. கேட்டை இழுத்துச் சாத்தி, சங்கிலியைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் கியர் விழும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். புழுதி கிளம்பியது. வண்டி நகர்ந்தது. ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் வெள்ளைத் தலை ஒன்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அத்தை!"

வண்டி நிற்கவில்லை. அவர் கையில் சங்கிலி இருந்தது. அதை முழுக்க மாட்டினார். ஒரு முறை இழுத்துப் பார்த்தார். இரண்டாம் முறை இழுக்கக் கை போயிற்று, பாதியில் நின்றது.

கின்ராஸ் வீட்டு ஆண்கள் பொது இடத்தில் ஓடுவதில்லை. ஹெக்டர் பாதையின் இருபுறமும் பார்த்தார். ஆடுகள் மட்டும்தான் இருந்தன. கோட்டின் பொத்தானைக் கழற்றினார். பிறகு ஓடினார்.