வரிசையில் முன்னூற்றுப் பதினெட்டுப் பேர்

காய்ச்சல் வருடத்தில் செத்துக் கணக்கில் ஏறாமல் போன முன்னூற்றுப் பதினெட்டுப் பேரும், இறுதி அறிக்கை வெளியான திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, தொற்றுநோய் இயக்குநரகத்தின் வாசலில் வந்து வரிசையாக நின்றார்கள். முதல் ஆள் ஒரு ரொட்டிக்கடைக்காரர், கடைசி ஆள் ஒரு கொத்தனார். காவலாளி வழக்கம்போல அடையாள அட்டை கேட்டார், யாரிடமும் இல்லை. உள்ளே விட முடியாது என்றார். சரி என்று வெளியிலேயே நின்றுகொண்டார்கள். வரிசை படியிறங்கி, சுற்றுச்சுவரை ஒட்டி, மருந்துக்கடையைத் தாண்டி, பேருந்து நிறுத்தம் வரை போனது. முதல் வாரம் தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. இரண்டாவது வாரம் மருந்துக்கடைக்காரர் வியாபாரம் கெடுகிறது என்று புகார் எழுதிக் கொடுத்தார். அவர்களும் கடை வாசலுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார்கள். மூன்றாவது வாரம் மழை பிடித்தது. அவர்கள் மேல் மழை விழவில்லை, தலைக்கு ஒரு முழம் மேலே வந்து விலகிக்கொண்டது. குடை மறந்தவர்கள் அவர்களை ஒட்டி நின்று நனையாமல் பேருந்து ஏறப் பழகினார்கள். அதற்கப்புறம் யாரும் அவர்களைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை.

அவர்கள் பார்க்க வந்தது இயக்குநர் அம்மாளை. நாற்காலியில் அவள் உட்கார்ந்த முதல் நாளும் அதே திங்கட்கிழமைதான். ஊரில் அவளுக்குக் கதவுதட்டி என்று பேர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தெருவில் பத்துக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் பதினோராவது வீட்டுக் கதவை முதல் ஆளாகத் தட்டுகிறவள் அவள். என்றைக்கு ஆரம்பித்தது, என்ன குடித்தார்கள், யார் வந்துபோனார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதுவாள். நாய் துரத்தினால் மதில்மேல் ஏறி உட்கார்ந்து மிச்சத்தை எழுதுவாள். அப்படித்தான் ஐஸ் தொழிற்சாலைத் தொட்டியில் சாக்கடை கசிவதைக் கண்டுபிடித்து, முதலாளி கெஞ்சக் கெஞ்சப் பூட்டுப் போட்டாள். அந்தப் பூட்டால் பிழைத்தவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள். இதையும் சொல்லத்தான் வேண்டும், விட்டால் பாவம். அவளிடம் ஒரே ஒரு கோணல் உண்டு. தாள் சுத்தமாக இருக்க வேண்டும். சந்தேகமாக ஒரு வரி கிடந்தால் அன்று அவளுக்குச் சோறு இறங்காது.

காய்ச்சல் வந்தபோது அவள் துணை இயக்குநர். மூன்றே மாதத்தில் கிடுகிடுவென்று ஆட்களைச் சாய்த்தது. துறைமுகத்தை மூட வேண்டிவருமோ என்று மேலிடம் பதறியது. ஆனாலும் அவளை யாரும் பொய் சொல்லச் சொல்லவில்லை. துறைச் செயலர் கூப்பிட்டு உட்காரவைத்து, "சந்தேகக் கேஸையெல்லாம் எதுக்கும்மா உள்ள சேக்கறீங்க? நாளைக்கு வெளிநாட்டுக்காரன் படிச்சா உங்க பேருதான் நாறும்" என்று மட்டும் சொன்னார். அது அவளுக்கு உறைக்கிற இடம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அன்று சாயங்காலமே அவள் விதியை எழுதினாள்: ஆய்வுக்கூடச் சீட்டு இருந்தால்தான் காய்ச்சல் சாவு, அந்தச் சீட்டும் ஆள் உயிரோடிருக்கும்போதே வந்திருக்க வேண்டும். படிக்க அழகான விதி, ஒரு ஓட்டை கிடையாது. ஆய்வுக்கூடம் சீட்டுக் கொடுக்க நான்கு நாள் எடுத்தது. காய்ச்சல் ஆளைக் கொண்டுபோக மூன்று நாள் எடுத்தது.

விதி கையெழுத்தான பதினோராம் நாள் அவளுடைய தங்கை படுத்தாள். தையல்காரி; மாடியில் இரண்டு அறை, ஒரு மிஷின். மூன்றாம் நாள் போய்விட்டாள், நான்காம் நாள் சீட்டு வந்தது. பெயர்ப்பட்டியலில் தங்கையின் வரி அக்காள் மேஜைக்கே வந்தது. சொந்தக்காரி என்று சலுகை காட்டினால் நாளைக்கு யார் மதிப்பார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்தாள். வீட்டில் அம்மா கேட்டார்.

"சின்னவ எதுல செத்தான்னு எழுதியிருக்க?"

"மற்ற காரணங்கள்னு, அம்மா."

"அது என்ன வியாதிடி? ஒட்டுமா? எனக்கும் வருமா?"

அதற்குப் பிறகு பெரிய மகளோடு அம்மா பேசவில்லை. ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு தினமும் வரிசைக்கு வருவார். சின்னவள் நூற்று நாற்பத்தோராவது ஆள், கழுத்தில் அளவு நாடா தொங்க நின்றாள். அவளுக்கு எப்போதும் முழங்கால் வலி, முக்காலி அவளுக்குத்தான். ஏழு வருடம் முக்காலி வந்தது. பிறகு அம்மா மூப்பில் கண்மூடினார். அவருக்குச் சீட்டு எல்லாம் சரியாக இருந்தது. அதனால் சின்ன மகளோடு நிற்க வழியில்லாமல் போயிற்று.

கதவுதட்டி சும்மா இருக்கவில்லை. விதியைத் திருத்தி அந்த முன்னூற்றுப் பதினெட்டையும் சேர்க்கச் சொல்லி, அடுத்தடுத்து வந்த ஐந்து செயலர்களுக்குக் கோப்பு அனுப்பினாள். ஐந்து பேரும் அவள் எழுதிய விதியையே மேற்கோள் காட்டித் திருப்பினார்கள். அந்த விதிக்காக அவளுக்கு வெளிநாட்டில் பதக்கம் வேறு கொடுத்தார்கள். ஐந்தாமவர் நல்ல மனுஷர். தங்கை ஒருத்தியை மட்டும் எழுத்துப்பிழை என்று சொல்லிச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. முத்திரை வைத்த தாளோடு படியிறங்கி ஓடினாள்.

தங்கை தாளை வாங்கவில்லை. "எனக்கு முன்னாடி நூத்தி நாப்பது பேரு நிக்கறாங்க, கண்ணு தெரியலையா? பெரிய ஆபீசர்னா குறுக்கால பூந்துடுவியா?"

"விடும்மா, போயிட்டு வா. எங்களுக்கு என்ன அவசரம், ரொட்டியா கருகுது?" என்றார் முன்னாலிருந்து ரொட்டிக்கடைக்காரர். வரிசை முழுக்கச் சிரித்தது. தங்கை சிரிக்கவில்லை.

"அக்கா, அன்னிக்கு ஸ்கேல் வெச்சுத்தானே கோடு போட்ட?"

"ஆமா."

"அதான் பாத்தேன். நூல் புடிச்ச மாதிரி இருந்துச்சு."

அறிக்கையில் எண் ஒன்று கூடியது, வரிசையில் ஒன்று குறையவில்லை. எப்படி என்று தணிக்கைக்காரர்கள் விளக்கம் கேட்டார்கள். சேர்த்தாகிவிட்டது, ஆள் போக மறுக்கிறது என்று எழுதி அனுப்பினாள். ஏற்றுக்கொண்டார்கள்.

பதினொரு வருடம் கழித்து ஒரு சுவர்க்கடிகாரமும் மூன்று சொற்பொழிவும் கொடுத்து அவளை ஓய்வில் அனுப்பினார்கள். மறுநாள் காலை, பழைய நாள் மாதிரி, விசாரணைப் படிவக் கட்டும் இரண்டு பென்சிலுமாக வரிசைக்கு வந்தாள். ரொட்டிக்கடைக்காரரில் தொடங்கி ஒவ்வொருவராகக் கேட்டாள்: என்றைக்குச் சுரம் ஆரம்பித்தது, யார் பக்கத்தில் இருந்தார்கள், தண்ணீர் இறங்கியதா. கொத்தனார் வரைக்கும் வந்து முடிக்க எட்டு வாரம் ஆயிற்று. முன்னூற்றுப் பதினெட்டுப் படிவத்தையும் மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். முகப்பில் இருந்த எழுத்தர் அவளே வேலைக்கு எடுத்தவர். எழுந்து நின்று, தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். வெளியாளுங்க கொண்டுவர்ற ஃபாரத்தை நேரா வாங்கக்கூடாதுன்னு நீங்கதானே சுற்றறிக்கை போட்டீங்க? வரிசைல வாங்க."

 சுற்றறிக்கை சரியாகத்தான் எழுதப்பட்டிருந்தது. வெளியே வந்து, சுற்றுச்சுவரை ஒட்டி, மருந்துக்கடையைத் தாண்டி நடந்து, கொத்தனாருக்குப் பின்னால் நின்றாள். மதியம் மட்டும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவாள். அதுவரை கொத்தனார் இடம் பார்த்துக்கொள்வார். வரிசை இன்னும் நகரவில்லை. அந்தப் பக்கம் போனால் சாலையோரமாகவே போங்கள் கண்ணுகளா, சுவரோரம் ஆட்கள் நிற்கிறார்கள். மழை பிடித்துக்கொண்டால் அவர்களை ஒட்டி ஒதுங்குங்கள், ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கடைசி ஆள் பக்கம் மட்டும் ஒதுங்க வேண்டாம். அவள் நனைகிறாள்.