பதினோராவது வரி

தன் கையெழுத்தை ஒருவர் மேடையேறி உரக்கப் படிப்பதை நீலாவதி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். ரஹாங் பள்ளிக்கூட மண்டபத்தில் தோட்டச் சங்கங்களின் நிவாரண மாநாடு. பஜனைச் சங்கம், மரண சகாயச் சங்கம், மாதர் சங்கம், வாலிபர் சங்கம் என்று ஒவ்வொன்றும் ஒரு துணிப்பட்டையைக் குத்திக்கொண்டு வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தன. அரை வயிற்றுக் கிழங்குக்கே ததிங்கிணத்தோம் போடும் காலத்தில் இத்தனை சங்கங்கள் செத்துப்போகாமல் கிடந்ததே பெரிய சங்கதி. கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் எல்லோரும் எழுந்து ஜப்பான் இருக்கும் திசைக்குக் குனிந்தார்கள். அதன்பிறகு தேவாரம் பாடினார்கள். இரண்டையும் ஒரே பக்தியோடுதான் செய்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

“ஏழாங்கட்டைத் தோட்டம்” என்று தலைவர் அவள் எழுதிய தாளைக் கையில் எடுத்தார். “ராக்கம்மா, புருஷன் ஆறுமுகம், பிள்ளைகள் மூன்று. மங்கம்மா, புருஷன் தங்கராஜு, பிள்ளைகள் இரண்டு.” ஒவ்வொரு பெயரும் கணீரென்று மண்டபத்தில் விழுந்தது. மலையடிவாரப் பெலுக்கார்க் காட்டில் புதருக்குள் புதராக ஒளிந்து கிடக்கிற ஆம்பிளைகளுக்கு, சட்டை போட்டுச் சபையில் உட்காரவைத்த மாதிரி ஒரு மரியாதை. பதினோராவது வரியில் தலைவர் ஒரு கணம் நின்றார். “நீலாவதி, பிள்ளை ஒன்று” என்று சொல்லிவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போனார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கிராணி ஐயா எழுத மறந்துவிட்டார் போலிருக்கிறது, தோட்டத்துக்குத் திரும்பினதும் ஞாபகப்படுத்தணும் என்று நினைத்தாள். மத்தியானம் நிஜ அரிசிக் கஞ்சி ஊற்றினார்கள். அந்த ருசியில் எல்லாம் மறந்துபோயிற்று.

கதையை இங்கே நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். பகாவ் சாலையில் ஏழாவது மைல் கல்லருகே இருக்கிற அந்த ஏழாங்கட்டைத் தோட்டத்தில் நீலாவதிதான் ஆயா. ரப்பர்ப் பால்மரத்துக்கும் கிழங்குக் காட்டுக்கும் போகிறவர்களின் பிள்ளைகளைக் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவள். லயத்துப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பங்குனி மாதம் லாரி வந்து நாற்பது பேரைச் சயாமுக்கு ரயில்பாதை போட ஏற்றிக்கொண்டு போனது. போனவர்களில் ஒருவனிடமிருந்தும் ஒரு சேதி இல்லை. அடுத்த லாரி வருவதற்குள் மிச்சம் இருந்த ஆண்களில் பதினோரு பேர் மலையேறிவிட்டார்கள். பெண்டாட்டிகள் கெட்டிக்காரிகள். வேலைக்கு ஆள் எண்ணுகிற மண்டோர் வந்து கேட்டபோது ராக்கம்மா வாசலில் விழுந்து புரண்டு, காட்டுக் காய்ச்சலில் ஆறுமுகம் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று ஒப்பாரி வைத்தாள். இருந்த கண்ணாடி வளையல் நான்கையும் தரையில் அடித்து உடைத்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் பொட்டை அழித்தார்கள், தாலியைக் கழற்றி அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்தார்கள். நீலாவதியும்தான் புதைத்தாள். புருஷன் உயிரோடு இருக்கும்போது பொட்டழிப்பது என்ன பாவம் என்று அவர்களுக்குத் தெரியாதா? உயிரோடு இருக்கட்டும் என்றுதான் அழித்தார்கள்.

ஆனால் செத்தவனுக்குப் பங்கீட்டு அரிசி கிடையாதே. பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் அளக்கிற கொஞ்சத்தைத்தான் மலைக்கும் அனுப்ப வேண்டும். ஆனி மாதத்துக்குள் மலையில் இருந்தவர்களுக்குக் கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழ ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துத்தான் தோட்டத்துக் கணக்கெழுதும் சின்னத்துரைக் கிராணி நீலாவதியை ஆபீசுக்குக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்து மனிதர். பதினெட்டு வருஷம் அந்தத் தோட்டத்தில் எழுதுகோல் பிடித்தவர், ஒருத்தரையும் கைநீட்டி அடித்ததில்லை என்ற பெயர் உண்டு. சயாம் லாரியில் ஏற வேண்டியவர்களின் பெயரை வாசித்த அன்று அவர் குரல் நடுங்கியதை லயமே கேட்டிருக்கிறது.

“பிள்ளை, மாநாட்டுக்காரர் வேறை, மிலிட்டரி வேறை. இது தருமம் செய்யிற சங்கம். உண்மையாய் எத்தினை வாய் எண்டு தெரியாமல் என்னெண்டு அரிசி குடுக்கிறது? என்னட்டை அதுகள் சொல்லாதுகள். நீர் கேட்டால் அதுகள் வாய் திறக்கும்” என்றார். தன் மனைவி சரோஜினிதேவியின் நீலக்கரைச் சேலை ஒன்றையும் மாநாட்டுக்குக் கட்டிக்கொண்டு வரச் சொல்லிக் கொடுத்தார்.

பெண்கள் ஆயாக் கொட்டகையில் கூடினார்கள். மங்கம்மாதான் இழுத்தாள். “நீலா, இதுல வில்லங்கம் ஒண்ணும் வராதுல்ல?”

“நானும் அதே பட்டியல்லதானே இருக்கேன் அக்கா. எனக்கு வராத வில்லங்கமா ஒங்களுக்கு வரப்போவுது?” என்றாள் நீலாவதி.

அந்தச் சொல்லுக்குத்தான் அவர்கள் வாயைத் திறந்தார்கள். அதிலும் ஒரு வேடிக்கை. எவள் தன் புருஷன் பெயரைச் சொல்வாள்? சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று பால்குடியிலிருந்து கேட்டு வளர்ந்த கூட்டம். ஆகவே ராக்கம்மாவின் புருஷன் பெயரை மங்கம்மா சொன்னாள், மங்கம்மாவின் புருஷன் பெயரை ராக்கம்மா சொன்னாள். இவளுக்கு அவள், அவளுக்கு இவள் என்று மாறி மாறிச் சொல்ல, கொட்டகையில் சிரிப்புப் பிடித்துக்கொண்டது. மாதக்கணக்கில் அந்த லயத்தில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

“செத்தவனையெல்லாம் பென்சில வச்சே எழுப்பிட்டாளே இவ. பூசை போடணும்லா” என்றாள் ராக்கம்மா. அன்று சாயங்காலமே சாம்பலுக்குள்ளிருந்து தாலியை எடுத்துக் கழுவினாள். வளையலுக்கு எங்கே போவது, பகாவ் கடைகளில் ஊசி நூலே கிடையாது.

எல்லோரும் போன பிறகு நீலாவதி தன் வரியை எழுத உட்கார்ந்தாள். “நீலாவதி, புருஷன்” என்று எழுதினாள். சன்னாசி என்ற மூன்றெழுத்தும் ஓர் ஒற்றும் அவளுக்கு எழுதத் தெரியாததல்ல. பென்சில் போகவில்லை. மூன்று விரல் அகலத்துக்கு இடம் விட்டு, “பிள்ளை ஒன்று, செல்லம்” என்று முடித்துவிட்டாள். மறுநாள் தாளைக் கொடுக்கும்போது, “அந்த எடத்த மட்டும் ஐயாதான் எழுதிக்கணும்” என்று வெட்கத்தோடு சொன்னாள். கிராணிக்கும் புரிந்தது. சிரித்துக்கொண்டே, “அதுக்கென்ன, எழுதுறன்” என்றார்.

மாநாடு முடிந்து எட்டாம் நாள் அரிசி வந்தது. அதுவரைக்கும் வந்தது நிஜம், பொய்யில்லை. தலைக்கு நாலு பால்டின் அரிசி, மூன்று முழம் துணி. பட்டியலில் உள்ள ஆம்பிளை நேரில் வந்து கைநாட்டு வைத்து வாங்க வேண்டும் என்று சேதி. மலையிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். தாடியும் மீசையுமாக, சாக்கைச் சுற்றிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி ரப்பர் ஸ்டோர் வாசலுக்கு வந்தார்கள். பிள்ளைகளுக்கு முதலில் அப்பனை அடையாளம் தெரியவில்லை. சன்னாசி மட்டும் இறங்கவில்லை. காலையிலேயே கிராணி நீலாவதிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்: “பட்டியலிலை பேர் விட்டுப்போச்சு. அடுத்த முறை பாப்பம். இண்டைக்கு அவர் வரவேண்டாம்.” நாலு டின் அரிசி போயிற்றே என்று அவளுக்கு அழுகை வந்தது. மலையேறிப் போய்ப் புருஷனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பினாள். கிராணி மறந்ததற்கு அவரை மனதுக்குள் திட்டவும் செய்தாள்.

பெயர் கூப்பிட்டார்கள். ஆறுமுகம் போய்க் கைநாட்டு வைத்தான். அரிசியை வாங்கி ராக்கம்மாவின் மடியில் கொட்டினான். “இப்பிடி நில்லு” என்று ஸ்டோருக்குப் பின்பக்கம் போகச் சொன்னார்கள். அடுத்து தங்கராஜு. அவனும் அரிசியைக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போனான். பத்துப் பேரும் போன பிறகுதான் லாரியின் எஞ்சின் சத்தம் கேட்டது. பெண்கள் ஓடினார்கள். மடியில் அரிசி இருந்ததால் அவர்களால் வேகமாக ஓட முடியவில்லை. ராக்கம்மா எதையும் சிந்தவில்லை, புருஷன் வாங்கிக் கொடுத்த அரிசி ஆயிற்றே. பத்துப் பேரையும் ஏற்றிக்கொண்டு லாரி ஏழாங்கட்டையைத் தாண்டிப் போனது.

நீலாவதி நேராக ஆபீசுக்குப் போனாள். சின்னத்துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார்.

“ஐயாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, “என்ரை மூத்தவனும் மிலிட்டரியின்ரை சயாம் பட்டியலிலை இருந்தவன், பிள்ளை. தோட்டத்துக்குப் பத்துப் பேர் எண்டு கேட்டவங்கள். குடுத்தால் அவனை விடுறம் எண்டவங்கள்” என்றார்.

“மாநாடு, தருமம்னீங்களே.”

“மாநாட்டுக்காரர் பாவம், அவைக்கு ஒண்டும் தெரியாது. தாளுகளை ஆர் வாங்கிக்கொண்டு போனதெண்டும் அவைக்குத் தெரியாது.” அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “நீர் இடம் விட்ட வரியை நான் பாத்தனான். பாத்திட்டுத்தான் அப்பிடியே விட்டனான். உம்மை நம்பித்தானே அதுகள் சொன்னதுகள். அதுக்கு என்னாலை ஏலுமானது அவ்வளவுதான். அந்தச் சேலையையும் நீரே வைச்சிரும்.”

வேலியே பயிரை மேய்ந்த கதை ஊரில் ஆயிரம் உண்டு. மேய்ந்ததில் ஒரு வாய் எடுத்து உன் மடியிலும் கட்டியிருக்கிறேன் என்று சொல்கிற வேலியை அவள் அன்றுதான் பார்த்தாள். அவர் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. துப்பவில்லை. மலையில் சன்னாசி உயிரோடு இருக்கிறான் என்ற நினைப்பு நடுவில் வந்து விழுந்தது. விழுந்ததும் வயிற்றுக்குள் ஒரு நிம்மதி பரவியது, பாவி மனசு. அந்த நிம்மதிதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து நீலக்கரைச் சேலையைச் சுருட்டி அடுப்பில் திணித்தாள். ஈர விறகு, பற்றவில்லை. புகைந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர்கள் வந்தார்கள். ராக்கம்மா முன்னால், மங்கம்மா அவள் பின்னால், அதற்குப் பின்னால் மற்ற எட்டுப் பேர். யாரும் கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அதைச் செய்திருந்தால் நீலாவதிக்குத் தாங்கியிருக்கும். ராக்கம்மாவின் நெற்றியில் பொட்டு இருந்தது.

“இத அழிக்கிறதா வேணாமான்னு தெரியல” என்றாள் ராக்கம்மா. “பொய்யா அழிச்சப்பல்லாம் கை தானாப் போச்சு.”

“அக்கா, ஐயா எழுதுவாருன்னுதான் எடம் விட்டேன். எம்பிள்ள மேல சத்தியம். புருசன் பேர நான் எப்பிடி எழுதுவேன்?”

“நாங்க மட்டும் சொன்னமா? எம் புருசன் பேர இவ சொன்னா. இவ புருசன் பேர நான் சொன்னேன்.” ராக்கம்மா பக்கத்தில் நின்ற மங்கம்மாவைப் பார்த்தாள், திரும்ப நீலாவதியைப் பார்த்தாள். “ஒம் புருசன் பேரச் சொல்ல எங்க பத்துப் பேர்ல ஒருத்திக்கும் வாயில்லாமலா போச்சு? நீ எங்களக் கேக்கலியே நீலா.”

நீலாவதி ஏன் கேட்கவில்லை? கொட்டகையில் எல்லோரும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தன் வரியையும் அங்கேயே முடித்திருக்கலாம். அவர்கள் எழுந்து போகட்டும் என்று எதற்காகக் காத்திருந்தாள்? பழக்கம்தான் என்று மூன்று நாளாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். ராக்கம்மா கேட்டபோது அது அவளுக்கே முழுசாக நம்பும்படி இல்லை.

ராக்கம்மா மடியை அவிழ்த்து ஒரு கைப்பிடி அரிசி எடுத்தாள். நீலாவதியின் வாசற்படிக்கு நேராகக் குனிந்து, வாய்க்கரிசி போடுகிற கையாக மூன்று தரம் போட்டாள்.

“எங்களுக்குப் போட வாய் கெடைக்காது. சயாம்ல எங்க கெடக்குதோ. ஒனக்கு மலையில ஒரு வாய் இருக்கு, கொண்டு போய்ப் போடு” என்றாள்.

பத்துப் பேரும் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து போட்டார்கள். போட்டுவிட்டு, சாவு வீட்டில் செய்கிற மாதிரி, போய்வருகிறேன் என்று சொல்லாமல் திரும்பி நடந்தார்கள்.

லயத்தின் நடுவில் நின்றுகொண்டு, ஊர் முழுக்கக் கேட்கும்படி, காவல் நிற்கிற மண்டோருக்கும் ஆபீசில் இருக்கிற கிராணிக்கும் கேட்கும்படி, புருஷன் பெயரை உரக்கச் சொல்லிவிட வேண்டும் என்று நீலாவதிக்கு வெறி வந்தது. பெயர் தொண்டை வரைக்கும் ஏறி வந்தது. அங்கேயே நின்றது. அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மகள் செல்லம் அம்மாவை ஒருதரம் பார்த்தாள். பிறகு மண்ணில் குந்தி, பாவாடையை ஏந்தி, அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஊதி ஊதிப் போட ஆரம்பித்தாள்.